தோழி வீட்டிலிருந்து பார்த்த கொல்கத்தா

தோழியைப் பார்க்கப் போவதும் ஊரைச் சுற்றிப் பார்க்கப் போவதும் ஒரே டிக்கெட்டில் அடங்கிவிடும். ஆனால் இரண்டும் வேறு வேறு வேலை. கிளம்புவதற்கு முன்பே அவற்றைப் பிரித்துக்கொள்ளாவிட்டால் ஊரையும் சரியாகப் பார்த்திருக்க மாட்டோம், தோழியோடு உட்கார்ந்து பேசியும் இருக்க மாட்டோம். 2026 ஜனவரியில் குடியரசு தின விடுமுறையை ஒட்டி கொல்கத்தா போய் வந்தேன். இப்படிக் கிளம்ப நினைப்பவர்களுக்கு உதவும் என்று தோன்றுவதை எழுதுகிறேன்.

தோழி கல்லூரியில் என்னோடு படித்தவள், வங்கி அதிகாரி. மாற்றலில் கொல்கத்தா போனவள் லேக் மார்க்கெட் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறாள். கூடவே அவள் அம்மா, மூன்றாம் வகுப்பு படிக்கும் மகன். கணவருக்கு துர்காபூரில் வேலை, வார இறுதியில்தான் வீட்டுக்கு வருவார். இந்தக் கடைசி விவரம்தான் என் திட்டத்தையே தீர்மானித்தது. நீண்ட வார இறுதி நமக்கு மட்டும் வருவதில்லை. அவள் வீட்டுக்கும் அதே விடுமுறைதான். சேர்ந்துபோன துணியைத் துவைக்கவும், மகனோடு இருக்கவும், கணவரோடு நாலு வார்த்தை பேசவும் அவளுக்கு இருப்பதே அந்த நாட்கள்தான். விருந்தாளி போய் அதை முழுசாக எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

அதனால் டிக்கெட் போடும் முன்பே போனில் கேட்டேன். "உனக்கு எந்த நேரம் வேணும், நான் எந்த நேரம் வெளியே இருந்தா உனக்கு நல்லது, சொல்லுடி." "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, நீ வா" என்றுதான் முதலில் சொன்னாள். விருந்தாளியிடம் எல்லாரும் சொல்வது அதுதான். விடாமல் கேட்டதும் சொன்னாள்: காலைகள் அவளுக்கு வேண்டும், சாப்பாட்டுக்கு மேல் எங்கே வேண்டுமானாலும் வருவாள். அந்த ஒரு பதிலை வைத்து முழுப் பயணத்தையும் போட்டேன். காலையில் நான் தனியாக, மதியத்துக்கு மேல் எல்லாரும் சேர்ந்து.

அடுத்து நாள்காட்டி. ஜனவரி 26 திங்கட்கிழமை வந்தது. நீண்ட வார இறுதி என்று நாம் சந்தோஷப்படும் அதே திங்கட்கிழமைதான் அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை. இந்திய அருங்காட்சியகம், விக்டோரியா நினைவு மண்டபத்தின் கூடங்கள், தாகூர் பிறந்த ஜொராசாங்கோ வீடு எல்லாமே திங்களன்று மூடியிருக்கும். காலேஜ் தெருவின் புத்தகக் கடைகளில் பெரும்பாலானவை ஞாயிறன்று திறக்காது. கோயில்களில் மதியம் நடை சாத்திவிடுவார்கள். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதினால் திட்டம் தானாகவே வந்துவிடுகிறது: சனிக்கிழமை புத்தகம், ஞாயிறு காலை கோயில், ஞாயிறு மதியம் அருங்காட்சியகம், திங்களன்று பூட்டு தேவைப்படாத இடங்கள். பெரிய நகரம் எதுவானாலும் முதலில் எது எப்போது மூடியிருக்கும் என்றுதான் பார்க்க வேண்டும். எது நன்றாக இருக்கும் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம் பொழுது. கொல்கத்தா நமக்குக் கிழக்கே இருக்கிறது. ஜனவரிக் கடைசியில் சென்னையில் ஆறு மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும்போது அங்கே ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடுகிறது. மூன்று மணிக்குக் கிளம்பி ஊர் பார்க்கலாம் என்றால் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும். காலையில் நல்ல குளிர், ஸ்வெட்டர் வேண்டும். மூடுபனியும் உண்டு. பனியால் காலை விமானங்கள் தாமதமாகும் மாதம் அது. போகவும் வரவும் மாலை விமானமாகப் பார்த்துப் போட்டேன்.

என்ன கொண்டுவரட்டும் என்று தோழியிடம் கேட்கவில்லை, அவள் அம்மாவிடம் கேட்டேன். ஃபில்டர் காபிப் பொடி, கறிவேப்பிலை, வாழையிலை, அப்பளம் எல்லாம் லேக் மார்க்கெட்டிலேயே கிடைக்குமாம். தெற்கிலிருந்து போன குடும்பங்கள் நெடுங்காலமாக வாழும் பகுதி அது. அம்மாவுக்கு வேண்டியது சுண்டைக்காய் வற்றல், மோர்மிளகாய், செக்கு நல்லெண்ணெய். எண்ணெயைக் கைப்பையில் கொண்டுபோக விடமாட்டார்கள். நன்றாகக் கட்டி, செக்-இன் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்தேன். கேட்காமல் போயிருந்தால் காபிப் பொடியைத்தான் சுமந்துகொண்டு போயிருப்பேன்.

வெள்ளி இரவு போய்ச் சேர்ந்தபோது தெருமுனைகளில் எல்லாம் பந்தல். நாம் நவராத்திரியில் செய்யும் சரஸ்வதி பூஜையை வங்காளிகள் தை மாத வசந்த பஞ்சமியில் செய்கிறார்கள். 2026ல் அது ஜனவரி 23. நேதாஜி பிறந்த நாளும் அன்றுதான். மஞ்சள் சேலை கட்டிய பெண்பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சரஸ்வதியின் காலடியில் பிள்ளைகள் பாடப்புத்தகங்களை அடுக்கியிருந்தார்கள். நம் வீட்டில் செய்வதும் அதேதானே என்று பார்க்கவே மனசு நிறைந்தது.

சனிக்கிழமை விடியும் முன்பே டாக்சி பிடித்து மல்லிக் காட் பூச்சந்தைக்குப் போனேன். ஹௌரா பாலத்தின் கிழக்கு முனையில், பாலத்துக்குக் கீழேயே ஆற்றங்கரை வரை நீளும் சந்தை. ஆறு மணிக்கெல்லாம் அங்கே இருக்க வேண்டும் என்று தோழி சொல்லியிருந்தாள். எட்டு மணிக்குப் போனாலும் பூ இருக்கும், ஆனால் லோடு இறங்கும் பரபரப்பு அடங்கிவிடும். மதுரை மாட்டுத்தாவணியில் பூவை உதிரியாக, கிலோக் கணக்கில் எடை போடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இங்கே சாமந்தி ஏற்கெனவே சரமாகக் கோத்து வருகிறது. ஆள் உயரத்துக்கு மஞ்சளும் ஆரஞ்சுமாகத் தடித்த சரங்களைப் பாம்புபோல் சுருட்டித் தலையில் ஏற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். மல்லிகை குறைவு. தலையில் பூ வைக்கும் பழக்கம் பெரிதாக இல்லாததால் எல்லாமே சாமிக்கும் கல்யாணத்துக்கும் போகிற பூ. தரை முழுக்க ஈரம், அழுகிய இலை, சேறு. நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். சுமை தூக்குகிறவர்கள் குரல் கொடுத்தால் உடனே ஒதுங்கிவிடுங்கள், அந்தப் பாரத்தோடு அவர்களால் நிற்க முடியாது. படம் எடுக்க நடுவழியில் நின்றுவிடுவது அவர்கள் கூலியில் கை வைப்பது மாதிரி. ஓரமாக ஒரு டீக்கடையில் மண்குவளை டீயோடு நின்றால் எல்லாமே கண்முன் நடக்கும்.

அங்கிருந்து படியேறிப் பாலத்தின் மேல் நடந்தேன். 1943ல் திறந்த பாலம். ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. சுமார் 26,500 டன் இரும்பு, நட்டு போல்ட் இல்லாமல் முழுக்க ரிவெட் ஆணிகளால் இணைத்தது. பெரும்பகுதி இரும்பு டாடா ஆலையிலிருந்து வந்தது. 1965லிருந்து அதிகாரப்பூர்வப் பெயர் ரவீந்திர சேது. யாரும் அப்படிச் சொல்லிக் கேட்கவில்லை. நடைபாதையில் காய்கறிக் கூடையும் கோழிக் கூண்டுமாக ஹௌராவிலிருந்து நகரத்துக்குள் ஒரு பெரும் கூட்டம் வந்துகொண்டிருந்தது. எதிர்த்திசையில் மெதுவாக நடந்தால் அத்தனை முகங்களையும் பார்க்கலாம்.

திரும்பும்போது அதே ஆற்றை அடியில் கடந்தேன். 2024 மார்ச்சில் திறந்த மெட்ரோ, ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்குக் கீழே போகிறது. ஆற்றுக்கடியில் சுரங்கம் 520 மீட்டர்தான், முக்கால் நிமிடத்தில் முடிந்துவிடும். ஆறு வரும் இடத்தில் சுரங்கச் சுவரில் நீல விளக்கு எரியும், அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். எஸ்ப்ளனேடில் இறங்கி, 1984ல் இந்தியாவிலேயே முதலாவதாக ஓடத் தொடங்கிய பழைய மெட்ரோவுக்கு மாறி, தோழி வீட்டுக்குப் பக்கமான காளிகாட்டில் இறங்கினேன். முதல் முறை போகிறவர்கள் இந்தப் பழைய தடத்தை நம்பலாம். காளிகாட், மைதான், பார்க் ஸ்ட்ரீட், எஸ்ப்ளனேடு, காலேஜ் தெருவுக்கு மகாத்மா காந்தி ரோடு, ஜொராசாங்கோவுக்கு கிரீஷ் பார்க், களிமண் சிலை செய்யும் குமார்துலிக்கு சோபாபஜார், கடைசியில் தக்ஷிணேஸ்வர். ஊரின் பாதி இந்த ஒரே கோட்டில் இருக்கிறது. டிக்கெட் ஐந்து ரூபாயில் தொடங்குகிறது. ஒன்பது மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது அவர்கள் அப்போதுதான் இட்லி வைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை, யாருடைய தூக்கமும் கெடவில்லை. எனக்கு அதுதான் திருப்தி.

மதியம் அவளும் நானும் மட்டும் காலேஜ் தெரு போனோம். மகனை அவன் அப்பா பார்த்துக்கொண்டார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கும் பிரசிடென்சி பல்கலைக்கழகத்துக்கும் வெளியே நடைபாதை முழுக்கத் தகரப் பெட்டிபோல் கடைகள், உள்ளே ஆள் நுழைய முடியாதபடி புத்தகம். நாமே தேடி எடுக்கலாம் என்று போனால் ஒன்றும் நடக்காது. என்ன வேண்டும் என்று சொல்லிக் கேட்க வேண்டும். தன்னிடம் இல்லாவிட்டால் கடைக்காரர் பத்துக் கடை தள்ளிப் பையனை அனுப்பி எடுத்துவரச் சொல்கிறார். பழைய வரைபடப் புத்தகம் என்றேன். அவர் கொண்டுவந்து அடுக்கியதில் நான் எதிர்பார்த்ததைவிட நல்லதே கிடைத்தது. அந்தத் தெருவழியே எஸ்ப்ளனேடுக்கும் ஷியாம்பஜாருக்கும் நடுவே டிராம் ஓடுகிறது. 1873ல் குதிரை இழுத்த டிராமாகத் தொடங்கி 1902ல் மின்சாரத்துக்கு மாறிய சேவை இப்போது ஒன்றிரண்டு தடங்களுக்குச் சுருங்கிவிட்டது. கண்ணில் பட்டால் யோசிக்காமல் ஏறிவிடுங்கள், அடுத்த முறை போகும்போது இருக்குமா என்று சொல்ல முடியாத நிலைமை. இத்தனை அமைதியாகப் புகையில்லாமல் ஓடும் வண்டியை ஒரு நகரம் கைவிடப் பார்ப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அப்புறம் காபி ஹவுஸ். பழைய ஆல்பர்ட் ஹால் கட்டடத்தின் மாடி. 1942ல் காபி வாரியம் தொடங்கியது, 1958லிருந்து தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறது. கூரை எங்கேயோ உயரத்தில், ஒரே இரைச்சல், தலைப்பாகை கட்டிய பணியாளர்கள். பால் இல்லாத காபியை இன்ஃபியூஷன் என்று கேட்க வேண்டும். காபி நம் ஊர் காபி மாதிரி இருக்காது, அதற்காகப் போகவும் கூடாது. எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் எழுப்பமாட்டார்கள் என்பதுதான் அந்த இடத்தின் அருமை.

அங்கேதான் அவள் பேசினாள். வீட்டில் பேச முடியாது. அம்மா காதில் விழும், மகன் நடுவே வந்து நிற்பான். முதல் வருடம் எவ்வளவு கஷ்டப்பட்டாள் என்பதைப் போனில் இத்தனை நாளும் அவள் சொன்னதே இல்லை. கிளையில் எல்லாரும் வங்காளியில் பேசிக்கொள்ள இவள் மட்டும் விளங்காமல் உட்கார்ந்திருப்பாளாம். மகன் ஆறே மாதத்தில் பேசக் கற்றுக்கொண்டு இவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்வானாம். இப்போது வாடிக்கையாளர்கள் வாசலிலிருந்தே "தீதி" (அக்கா) என்று கூப்பிட்டுக்கொண்டு வருகிறார்களாம். சொல்லும்போதே முகம் மலர்ந்தது. பிறகு ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, "தெரியுமாடி, சி.வி. ராமனும் இங்கே வேலைக்கு வந்தவர்தான். நம்ம திருச்சிக்காரர்" என்றாள்.

உண்மைதான். 1907ல் பதினெட்டு வயதில் நிதித்துறை அதிகாரியாக முதல் வேலைக்கு கல்கத்தா வந்தவர் ராமன். நடுவில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றல், 1911ல் மறுபடி இங்கேயே. அலுவலக நேரம் போக மீதி நேரத்தை பௌபஜாரில் இருந்த அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் கழித்தார். 1917ல் அரசு வேலையை விட்டுவிட்டுக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1928 பிப்ரவரி 28ல் ராமன் விளைவைக் கண்டது அந்த பௌபஜார் ஆய்வுக்கூடத்தில்தான். காபி ஹவுஸிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தெரு அது. மாற்றல் ஆர்டர் கையில் வந்த நாளன்று அழுததாகச் சொன்ன தோழி இதைச் சொன்னபோது குரலில் ஒரு தெம்பு இருந்தது. ஊர் பார்க்கும் பட்டியலில் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள். குடும்பம் பக்கத்தில் இல்லாமல் நண்பரோடு இரண்டு மூன்று மணி நேரம் உட்கார ஓர் இடத்தை மட்டும் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

ஞாயிறு காலை நான் தனியாகப் போகவில்லை. அம்மாவை அழைத்துக்கொண்டு தக்ஷிணேஸ்வரம் போனேன். "கூட்டிட்டுப் போக ஆள் இல்லம்மா, அவளுக்கு எங்கே நேரம்" என்று முதல் நாள் ராத்திரி சாப்பிடும்போது அவர் சொன்னதைக் கேட்டு நானே கேட்டேன். அம்மாவுக்கு எழுபது நெருங்குகிறது. மகன், கணவர், தோழி மூவருக்கும் வீட்டில் ஒரு முழுக் காலை கிடைத்தது. ஞாயிறன்று மெட்ரோ தாமதமாகத்தான் தொடங்கும் என்பதால் போகும்போது டாக்சி. ராணி ராஸ்மணி 1855ல் கட்டிய ஒன்பது கோபுரக் காளி கோயில், ஆற்றோரமாக வரிசையாகப் பன்னிரண்டு சிவன் சன்னதிகள். ராமகிருஷ்ணர் பூசை செய்த இடம். ஞாயிற்றுக்கிழமை வரிசை நீளம்தான், சீக்கிரம் போனால் சமாளிக்கலாம். வயதானவர்களோடு போகும்போது தரிசனத்தை முதலில் முடித்துவிட்டு மற்றதைப் பார்க்க வேண்டும். வரிசையில் நிற்கும் தெம்பு காலையில்தான் இருக்கும்.

அங்கிருந்து படகில் பேலூர் மடம். கொஞ்ச நேரப் பயணம்தான், ஆனால் அம்மா அதை மறக்கவே மாட்டேன் என்றார். மதியத்துக்கு முன்பே கோயிலைச் சாத்திவிடுவார்கள், பிற்பகலில்தான் மறுபடி திறப்பார்கள். அதனால் படகு நேரத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். 1938ல் குடமுழுக்கு கண்ட பெரிய கோயில். பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப இந்துக் கோயிலாகவும் மசூதியாகவும் தேவாலயமாகவும் தெரியும்படி கட்டியிருக்கிறார்கள். உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. விவேகானந்தர் கடைசியாக வாழ்ந்த அறை ஆற்றைப் பார்த்தபடி இருக்கிறது. அம்மா அங்கே நின்று நெடுநேரம் கும்பிட்டார். திரும்பப் படகிலேயே வந்து தக்ஷிணேஸ்வரத்தில் மெட்ரோ ஏறினால் மாறாமல் நேரே காளிகாட்.

மதியம் எல்லாருமாக இந்திய அருங்காட்சியகம். 1814ல் தொடங்கியது, ஆசியாவிலேயே பழமையானது. டாக்சிக்காரரிடம் ஜாதுகர் என்று சொன்னால் சட்டென்று புரியும். எல்லாக் கூடங்களையும் பார்க்க ஒரு நாள் போதாது. குழந்தையோடு போனால் ஆளுக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்வது நல்லது. அவன் எகிப்து மம்மியைத் தேர்ந்தெடுத்தான், நான் பார்ஹுத் கூடத்தை. மத்தியப் பிரதேசத்தில் இருந்த கி.மு. இரண்டாம் நூற்றாண்டுப் பௌத்தத் தூபியின் சிவப்புக் கல் வேலியில் எஞ்சிய பகுதிகளைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஜாதகக் கதைகள் வட்ட வட்டமாகச் செதுக்கியிருக்கின்றன. குரங்கையும் யானையையும் காட்டி அவனுக்குக் கதை சொல்லிக்கொண்டே நகர்ந்தேன். மம்மியைவிட அங்கேதான் அதிக நேரம் நின்றான். விக்டோரியாவுக்குள் போகவில்லை. மைதானத்தின் பக்கமிருந்து அந்தி வெளிச்சத்தில் வெள்ளைப் பளிங்கைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் விவேகானந்தா பார்க்கில் புச்கா சாப்பிடப் போய்விட்டோம். நம் ஊர்ப் பானிபூரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றே சொல்வேன். காரமாகப் பிசைந்த உருளைக்கிழங்கு, நல்ல புளிப்பான புளித்தண்ணீர்.

செலவு பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் தங்குகிறோம், சாப்பிடுகிறோம். அதற்குப் பணம் கொடுத்தால் மனசு புண்படும். வெளியே போகும் டாக்சி, டிக்கெட், சாப்பாடு என் பொறுப்பு என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். ஒவ்வொரு முறையும் கல்லாவில் நின்று இழுபறி நடத்துவதைவிட இது இரண்டு பேருக்கும் நிம்மதி.

திங்களன்று காலை ரெட் ரோட்டில் குடியரசு தின அணிவகுப்பு நடக்கும். மைதானத்தைச் சுற்றிச் சாலைகளை அடைத்துவிடுவார்கள். நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. ரவீந்திர சரோவர் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு, அம்மாவோடு லேக் மார்க்கெட்டில் காய் வாங்கினோம். ஒரே சந்தில் முருங்கைக்காயும் பொடொல் என்கிற வங்காளக் காயும் ஹில்சா மீனும். அம்மா தமிழில் பேரம் பேச, கடைக்காரர் வங்காளியில் பதில் சொல்ல, கணக்கு மட்டும் சரியாக இருந்தது.

ஊருக்கு வாங்கி வருவதென்றால் குளிர்காலத்தில் நொலேன் குர் சேர்த்த சந்தேஷ்தான். ஈச்ச மரத்துப் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் வெல்லம், இந்த மாதங்களில் மட்டும் கிடைக்கும். கருப்பட்டி வாசனை பிடித்தவர்களுக்கு உடனே பிடித்துவிடும். சந்தேஷ் உலர்ந்த இனிப்பு, கைப்பையில் வைக்கலாம். ரசகுல்லா டின்னில் பாகு இருப்பதால் அது செக்-இன் பெட்டிக்குத்தான் போக வேண்டும். 2025 ஆகஸ்டிலிருந்து விமான நிலையத்துக்கும் மெட்ரோ ஓடுகிறது, நோவாபாராவில் மாற வேண்டும். விடுமுறை நாளில் வண்டி நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். பெட்டி கனமாக இருந்ததால் நான் டாக்சியில் போனேன், சாலை அடைப்பை நினைத்து ஒரு மணி நேரம் முன்னதாகவே. சந்தேஷ் இரண்டு நாள்தான் தாங்கும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். மறுநாள் காலையிலேயே அலுவலகத்திலும் பக்கத்து வீடுகளிலும் கொடுத்து முடித்துவிட்டேன்.